ஹோக் மொத் வந்திட்டுது

கார்டீனியாக் கன்றுகளில் அந்தப் புழுக்களை முதலில் கண்டது சுலோஜனா சின்னம்மாதான். கண்ட உடனேயே மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"எடியே கீர்த்தனி, ஓடி வா. வால்ல கொம்பு முளைச்ச சாமான் ஒண்டு கிடக்கு. குத்திச்செண்டால் கை பந்து மாதிரி வீங்கும்."

நான் ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் விட்டு, அதன் கொம்பை விரலால் மடக்கிக் காட்டினேன். இறப்பர் போல வளைந்து மறுபடி நிமிர்ந்தது. இலைப்பச்சை உடம்பு. விலாவில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். தொட்டதும் முன்னுடம்பைத் தூக்கி, தலையை உள்ளே இழுத்து, அசையாமல் இருந்தது.

"பார், யோசிக்குது, உன்னை மாதிரி," என்றார் சின்னம்மா. "கதை பேச்சு ஒண்டுமில்லை. ஆனால் கண்டு முழுக்கத் திண்டு முடிச்சிட்டுது."

சீனக்குடாவில், கிண்ணியாவுக்குப் போகும் வீதியோரத்தில் சின்னம்மாவின் பூக்கன்றுக் கடை இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் விட்ட பிறகு நான் இங்கேதான் தண்ணீர் விடுகிறேன், மண் கலக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய காரணம் இல்லை. எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கன்றுகள் பதில் கேட்பதில்லை.

மின்ஹா வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். அப்போது அவர்கள் வீடு இந்தப் பக்கம்; பிறகு பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போய்விட்டார்கள். அவள் உயர்தரப் பரீட்சை எழுதி, கம்பஸுக்குத் தெரிவாகி, அனுமதிக் கடிதம் வரும் வரைக்கும் திருகோணமலை டவுனில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பும்போது எங்கள் கடையடியில் இறங்குவாள். அவள் கதைப்பாள், நான் கேட்பேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் இத்தனை வருடம் ஓடியது.

புழுவைப் பார்த்ததும் அவள் போனை எடுத்துவிட்டாள். அந்தப் புழு வளர்ந்தால் ஹோக் மொத் என்ற பூச்சியாகுமாம். உலகத்திலுள்ள ஹோக் மொத் எல்லாவற்றையும் இனம் பிரித்து ஒரே இடத்தில் சேர்க்கிற ஒரு தளத்தை அவள் எங்கேயோ கண்டுபிடித்திருந்தாள். யாரும் படம் அனுப்பலாம். அங்கே இருப்பவர்கள் பார்த்து இன்ன இனம் என்று சொல்வார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட இனங்கள்! பருந்து மாதிரிப் பறப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஆனால் இவற்றின் குடும்பத்துக்கு அறிவியலில் வைத்த பெயர் பறக்கிற பூச்சியைப் பார்த்து வைத்தது இல்லையாம். தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கிற புழுவைப் பார்த்து, எகிப்து நாட்டின் மணலில் படுத்திருக்கும் பெரிய கற்சிலையை நினைத்து வைத்தார்களாம். சின்னம்மா என்னைப் போல யோசிக்கிறது என்று சொன்னதைத்தான் முந்நூறு வருடத்துக்குக் கிட்ட முன்பு யாரோ ஒருவர் சிலை என்று எழுதியிருக்கிறார்.

எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. நாக்கின் நீளம், சிறகின் நரம்பு, புழுவாக இருந்தபோது எந்த இலையைத் தின்றது, கூட்டுக்குள் நாக்கை எப்படி மடித்து வைத்திருந்தது. வத்தாளைக் கிழங்குக் கொடிக்கடியில் மண் கிண்டும்போது கேத்தல் கைப்பிடி போல ஒரு வளையத்தோடு கூடு ஒன்று கிடைத்தது. அந்த வளையத்துக்குள் இருப்பது நாக்கு. அது வேறு இனம். அலரியில் இருந்தது இன்னொரு இனம்; அதன் சிறகு பாசி படிந்த கல்லைப் போல இருந்தது. எள்ளுக் காணியில் கிடைத்த பெரியதொன்று தொட்டபோது கீச்சென்று கத்தியது. பூச்சி கத்துமா என்று சின்னம்மா ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார்டீனியாப் புழுவுக்கு மின்ஹா 'கொம்பன்' என்று பெயர் வைத்தாள்.

முதலாவது படத்தை அனுப்பியபோது ஒரு கூத்து நடந்தது. இடம் என்ற கட்டத்தில் நான் ஆங்கிலத்தில் சைனா பே என்று எழுதினேன். எங்கள் ஊருக்கு ஆங்கிலத்தில் அதுதானே பெயர். தளம் அதை அப்படியே கொண்டுபோய் வரைபடத்தில் சீன தேசத்தின் கரையில் குத்திவிட்டது. செக் நாட்டிலிருந்து ஹனா என்றொரு பெண், 'சீனாவில் இவ்வளவு அழகான புழு' என்று பாராட்டியிருந்தார். திருத்தி எழுத எனக்கு இரண்டு நாள் துணிவு வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சீனாக்காரி.

"நீ ஹாய் சொல்லவே வெக்கப்படுற. எப்படிடி சீனா மட்டும் போய்ச் சேர்ந்தாய்?" என்று மின்ஹா சிரித்தாள்.

ஹனாவின் பதில்களை மின்ஹாவின் போன் தமிழாக்கித் தரும். அந்தத் தமிழில் அவர் கோயில் கல்வெட்டுப் போலப் பேசுவார். 'அன்புள்ள பயனாளி, உங்கள் பருந்து அந்து முழு ஆரோக்கியத்துடன் உள்ளதா?'

அவர் சொல்லித்தான் அந்த விசயம் தெரிய வந்தது. கொம்பன் மண்ணுக்குள் போய்க் கூடாகி, பூச்சியாக வெளியே வரும்போது அதன் சிறகு சாம்பல் நிறமாக இருக்குமாம். முதன்முதலாகச் சிறகை உதறும்போது அந்தச் சாம்பல் செதில் எல்லாம் கொட்டிவிடுமாம். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சிறகு கண்ணாடி. பகலில்தான் பறக்கும். பார்க்கிறவர்கள் பெரிய வண்டு என்று நினைப்பார்கள். ஆபிரிக்காவிலிருந்து ஜப்பான் வரைக்கும் இருக்கிறது. ஆனால் ஆபிரிக்காவில் இருப்பது இதுவேதானா, ஒன்றுவிட்ட சகோதரமா என்று அறிந்தவர்களுக்குள்ளே ஒரு பழைய வழக்கும் இருக்கிறதாம்.

'நான் இவற்றை ஊசியில் குத்திய நிலையில் மட்டுமே பார்த்துள்ளேன்,' என்று ஹனா எழுதியிருந்தார். 'செதில் விழும் கணத்தை நான் கண்டதில்லை. நீங்கள் கண்டால் காணொளி தயவு.'

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும்," என்றாள் மின்ஹா. "தனியாப் பாத்தாயோ, உன்னோட கோபம்."

மூன்று புழுக்களை ஐஸ்கிரீம் பெட்டி மண்ணில் விட்டு, வலைக்கூடையால் மூடிப் பின்பக்கக் கொட்டிலில் வைத்திருந்தேன். முதலாவது கூடு திறந்த நேரம் நான் முன்னால் ஒருவருக்குக் குரோட்டன் விற்றுக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது கண்ணாடிச் சிறகோடு பூச்சி வலைக்குள் முட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது கூட்டை எறும்பு தின்றுவிட்டது. மூன்றாவதுதான் கடைசி. மற்றப் புழுக்களைச் சின்னம்மா வேப்பெண்ணெய் அடித்து முடித்துவிட்டார். இதற்கிடையில் மின்ஹாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகிறாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அங்கே அவளுக்குக் கதைக்கத் தெரிந்த சிநேகிதிகள் கிடைப்பார்கள். பூச்சியை விட்டால் எனக்கும் அவளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அது இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த ஒன்றாக இருந்தால், எங்கே போனாலும் அவள் அதை மறக்கமாட்டாள் என்று எண்ணினேன். அந்தக் கூடு ஞாயிறுக்கு முன்னர் திறக்க வேண்டும். திறக்கும்போது அவள் இங்கே இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அவள் வந்து மண்ணை விலக்கிக் கூட்டைப் பார்த்தாள். தோல் மெல்லிதாகி உள்ளே சிறகின் நிழல் தெரிந்தது.

"நாளைக்கு இல்லாட்டி நாளண்டைக்கு," என்றாள். "எண்ட போனைத் திருத்தக் குடுத்திரிக்கன். உம்மாட நம்பருக்கு எடு. உம்மாதான் எடுப்பா. பயப்படாத, உன்னைக் கடிக்கமாட்டா. 'ஹோக் மொத் வந்திட்டுது' எண்டு மட்டும் சொல்லு. எனக்கு விளங்கும்."

"மெசேஜ்..." என்றேன்.

"உம்மா மெசேஜ் பாக்கிறது பெருநாளைக்கு மட்டும்தான். சொல்லிப் பழகு. ஹோக் மொத் வந்திட்டுது."

அன்று முழுக்கத் தண்ணீர் விடும்போது அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அதுவரைக்கும் நான் அதை எழுதியிருக்கிறேனே தவிர ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். முன்பக்கம் மின்ஹாவின் மூத்தாப்பா, அவளுடைய உம்மாவின் தகப்பன், கலீலுர் றஹ்மான் ஹாஜியார், சின்னம்மாவோடு தேசிக்கன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். திருகோணமலையில் கண் கிளினிக்குக்காக விடிய முதல் பஸ்ஸில் போய், கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தவர், வழியில் இறங்கியிருந்தார்.

"இது காய்க்குமா, இல்லாட்டி உன்னப் போல வாயால மட்டும் காய்க்குமா?"

"ஹாஜியார், காய்க்காட்டிக் கொண்டு வந்து என்ர தலையில நடுங்கோ."

நான் பின்பக்கக் கொட்டிலுக்குள் இருந்தேன். சோறு மூடுகிற வலைக்கூடையின் கீழே, ஐஸ்கிரீம் பெட்டி மண் அசைந்தது. சருகை விலக்கிக்கொண்டு நனைந்த உருவம் ஒன்று வெளியே வந்து, நான் நட்டு வைத்திருந்த ஈர்க்கில் ஏறியது. முதுகில் கசங்கிய கடதாசித் துண்டுகள் போல நான்கு சிறகுகள். கண் மட்டும் பெரிதாக, கறுப்பாக, எல்லாவற்றையும் ஏற்கெனவே அறிந்தது போல இருந்தது.

சிறகு விரிந்து காய நேரம் எடுக்கும். அதற்குள் கிண்ணியாவிலிருந்து வரலாம். போனை எடுத்தேன். பூச்சி கலைந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினேன்.

"ஹலோ, ஆரு?" மின்ஹாவின் உம்மா றுக்கியா. பின்னால் மிக்சர் இரைந்தது.

"நான்... சீனக்குடாவில இருந்து... கீர்த்தனி. ஹோக் மொத்..."

"ஆரு? என்ன புள்ள? ஏன் அழுற?"

"ஹோக் மொத்... வந்திட்டுது." குரலை இன்னும் தாழ்த்தினேன். "மின்ஹாவை உடனே வரச்சொல்லுங்கோ."

மிக்சர் நின்றது. "மௌத்தா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "இப்பதான். இஞ்ச கடையிலதான் இருக்கு. சத்தம் போடாமல் வரச்சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது. தொடர்பு அறுந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு போன் பேச்சை முழுதாகப் பேசி முடித்ததற்காக எனக்கு என்மேல் சிறு பெருமை வந்தது.

போனைப் பூச்சட்டியில் சாய்த்து வீடியோவைத் தொடங்கினேன். சிறகுகள் மெல்ல விரிந்தன. ஹனா சொன்னது சரி. சாம்பல் நிறம், விறகு அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் பூசினது போல. உடம்பு ஒலிவ் பச்சை, இடுப்பில் சிவப்பு வார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத இலக்கம். தெரியாத இலக்கத்தை நான் எடுப்பதில்லை. வெட்டினேன். வீடியோ நின்றுபோயிருந்தது, மறுபடி தொடங்கினேன். மறுபடி இன்னொரு தெரியாத இலக்கம். வெட்டினேன். இன்னொன்று. என் போனுக்கு ஒரு மாதத்தில் வராத அழைப்பு அந்த அரைமணித்தியாலத்தில் வந்தது. என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு வீதியில் ஓட்டோ ஒன்று பிரேக் அடிக்கும் சத்தமும், அதோடு சேர்ந்து ஒரு பெண்ணின் கதறலும் கேட்டது.

"வாப்பா! எண்ட வாப்பா!"

கொட்டில் தகரத்தின் ஓட்டையால் பார்த்தேன். மின்ஹாவின் மூத்த சகோதரன், நஸ்ரி நானா, ஓட்டோவைக் குறுக்கே விட்டுவிட்டு இறங்கினான். றுக்கியாவை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மின்ஹா செருப்பில்லாமல் நின்றாள். சின்னம்மாவும் பதறிப்போய் என்ன ஏது என்று தெரியாமல் தானும் தலையில் கைவைத்து அழத் தொடங்கிவிட்டார்.

தேசிக்கன்றுகளுக்கு நடுவிலிருந்து ஹாஜியார் எழுந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் கன்று.

"என்ன மகள்? ஆரு மௌத்து?"

றுக்கியா அவரைப் பார்த்தார். அழுகை நடுவில் நின்றது. "நீங்கதான் வாப்பா," என்றார்.

"நானா? எப்ப?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொத். மௌத்து. அவர்கள் வீட்டில் சாவுக்கு அதுதான் சொல். ஹோக் என்றது ஹாஜி என்று கேட்டிருக்கும்; விடிய வெளிக்கிட்ட ஹாஜியார் வீடு திரும்பவும் இல்லை. கேட்டார், ஓம் என்றேன். இப்பதான் என்றேன். கடையில்தான் இருக்கு என்றும் சொன்னேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கொட்டிலுக்குப் பின்னால் வேலியில் ஒரு இடைவெளி உண்டு. அதால் ஓடினால் கடற்படை முகாம் மதில் வரைக்கும் யாரும் பிடிக்க ஏலாது.

அந்த நேரத்தில் ஈர்க்கிலிருந்து ஒரு சிறு சத்தம் வந்தது. பூச்சி நடுங்கத் தொடங்கியிருந்தது. குளிருக்கு நடுங்குவது போல, சிறகை விரிக்காமல், உடம்பு முழுக்க. பறக்கப்போகிறது. மின்ஹா வெளியே முப்பதடிக்கு அப்பால், மூத்தாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் ஓடினால் அவள் இதைப் பார்க்கப்போவதில்லை. நான் பேசாமலிருந்தாலும் அப்படித்தான்.

"மின்ஹா! ஓடி வா!" என்று கத்தினேன்.

அது என்னுடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை. மின்ஹா வந்தாள். அவள் பின்னால் எல்லாரும் வந்தார்கள். உள்ளே வேறு யாரோ செத்துக் கிடப்பதாக நினைத்திருக்க வேண்டும். றுக்கியா, பெண்கள் இருவர், நஸ்ரி, சின்னம்மா, கன்றோடு ஹாஜியார். கொட்டில் நிறைந்துவிட்டது.

"ஸ்ஸ்," என்றேன். எல்லாரும் அடங்கினார்கள். என் வாழ்க்கையில் அதுவும் முதல்தடவை.

தகர ஓட்டையால் வெயில் ஒரு கம்பி போல உள்ளே விழுந்திருந்தது. பூச்சி அந்த வெளிச்சத்துக்குள் சிறகை விரித்தது. விர்ரென்று ஒரு உதறல். சிறகைக் காணவில்லை, அதன் இடத்தில் சாம்பல் புகை ஒன்று எழும்பி, வெயில் கம்பியில் மினுங்கி, மெல்லக் கீழே இறங்கியது. உதறல் ஒரு கணம் நின்றது. சிறகு இருந்த இடத்தில் கண்ணாடி. நரம்பு நரம்பாக, அதற்கு அப்பால் மின்ஹாவின் முகம் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

பூச்சி மறுபடி உதறியது. மின்ஹா வலைக்கூடையைத் தூக்கினாள். அது ஹாஜியாரின் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் அந்தரத்தில் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்துவிட்டு, வாசலால் வெளியே போனது.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"இதுக்கா நான் மௌத்தானேன்?"

நான் அழுதுவிட்டேன். மின்ஹா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் மண் மூட்டையில் இருந்துவிட்டாள். றுக்கியா என்னை அடிக்கக் கையை ஓங்கி, அதே கையால் கட்டிப் பிடித்தார்.

"வாயில்லாப் பிள்ளை எண்டு நினைச்சேன்," என்றார் சின்னம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒருக்கா வாய் திறந்து ஆளையே முடிச்சுப்போட்டுது."

"பள்ளிவாசல்ல அறிவிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"மைக் பழுது வாப்பா," என்றார் றுக்கியா. "போன்லதான் எல்லாருக்கும் சொன்ன. இந்தப் புள்ளட நம்பரையும் குடுத்த, விவரம் கேக்கச்சொல்லி."

மின்ஹா சிரிப்பை விட்டுவிட்டு என் போனைப் பாய்ந்து எடுத்தாள். வீடியோ துண்டு துண்டாக இருந்தது. நனைந்த சிறகு, விரிந்த சிறகு, கடைசித் துண்டில் பூச்சி நடுங்கத் தொடங்குவது. அதோடு சரி. அந்தக் கணத்தில் யாரோ ஒருவர் அனுதாபம் சொல்ல எடுத்திருக்கிறார்.

"போச்சு," என்றேன்.

"போகட்டும்," என்றாள் மின்ஹா. "நாம பாத்தமே. நீ என்னைக் கூப்பிட்டியே." பிறகு திரையைப் பார்த்து, "இத்தன மிஸ்ட் கோலா!" என்றாள்.

ஹாஜியார் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "ஆரெல்லாம் எடுத்த? வாசி." மின்ஹா தெரிந்த இலக்கங்களைச் சொல்லிக்கொண்டு போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "றஊப்? றஊப் எடுக்கல்லயா?"

"இல்ல மூத்தாப்பா."

"பாத்தியா? நாப்பது வருசப் பழக்கம்." தேசிக்கன்றைச் சின்னம்மாவிடம் நீட்டினார். "ரெண்டு கண்டாக் கட்டு. இனி நான் கனகாலம் இருப்பன்."

அன்று பின்னேரம் மின்ஹாவும் நானும் தளத்தில் விவரம் நிரப்பினோம். இடம்: திருகோணமலை, இலங்கை என்று இந்தமுறை நாடு வரைக்கும் எழுதினேன். காணொளி இல்லாவிட்டால் கண்டவர்களின் பெயரை எழுதலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. அனுப்புகிற என்னைத் தவிர மற்ற எல்லாருடைய பெயரையும் மின்ஹா போட்டாள். உங்கள் மொழியில் பெயர் என்ற கட்டம் இதுவரை வெறுமையாகவே கிடந்தது. விட்டில் என்பதா, அந்து என்பதா என்று எங்களுக்கு ஒருநாளும் முடிவாகவில்லை. அதில் அவள் ஹாஜியாரிடம் கேட்டுவிட்டு 'ஹாஜியார் பூச்சி' என்று அடித்தாள். பெயர்க் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் திருத்தி எடுத்த போனோடு போய்விட்டாள். திங்கள், செவ்வாய் ஒரு செய்தியும் இல்லை. புதன்கிழமை ஹனாவின் பதில் வந்தது. இப்போது என் போனும் தமிழாக்கித் தரும். 'அன்புள்ள பயனாளி, மகிழ்ச்சி. ஏழு சாட்சிகள் போதுமானது. ஆனால் நான்காம் சாட்சி, நிகழ்வுக்கு அரைமணிநேரம் முன்பு இறந்துவிட்டார் என்று குறிப்பிட்டுள்ளீர்கள். விளக்கவும்.'

மெசேஜ் அடிக்கத் தொடங்கி, பிறகு அழித்துவிட்டு, மின்ஹாவின் இலக்கத்தை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் பெண்பிள்ளைகளின் சத்தம்.

"சொல்லு," என்றாள். "இந்தமுறை ஆரு மௌத்து?"

ஹனா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். "எண்ட கீர்த்தனி," என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"விளக்கத்தை நீயே எழுதுடி. நீதானே ஆளைக் கொன்றனீ."